மலையிலிருந்து இறங்கும் நாள்

“சனிக்கிழமை ரோடு நல்லாத்தான் இருந்திருக்கு. ஒரு ராத்திரி வாடகை வீணாப் போச்சு.” பிப்ரவரி விடுமுறை முடிந்து லண்டன் திரும்பிய அண்ணன் அன்றிரவே எனக்கு அனுப்பிய செய்தி இது. கோபமாக எழுதவில்லை, குத்திக்காட்டவும் இல்லை. மனதில் பட்டதைச் சொன்னார், அவ்வளவுதான். அவர் சொன்னது உண்மையும்கூட. அந்தச் சனிக்கிழமை மலையில் பனி விழவில்லை. வழக்கமான நெரிசல் இருந்தது, ஆனால் சாலை எங்கும் மூடப்படவில்லை. நான் வற்புறுத்தியதால்தான் அண்ணன், அண்ணி, இரண்டு பிள்ளைகள், கோவையிலிருந்து வந்திருந்த பெரியப்பா, பெரியம்மா எல்லோரும் ஒரு நாள் முன்னதாக, வெள்ளிக்கிழமை மதியமே, பிரெஞ்சு ஆல்ப்ஸில் இருக்கும் வால் தோரான்ஸ் என்ற பனிச்சறுக்கு ஊரை விட்டுக் கிளம்பி, ஜெனீவாவில் என் வீட்டு ஹாலில் பாய் விரித்துப் படுத்தார்கள். சனிக்கிழமை காலை வரை பணம் கட்டிய அறைகள் மேலே பூட்டிக் கிடந்தன.

‘பரவாயில்லை அண்ணா, எல்லோரும் நல்லபடியாப் போய்ச் சேர்ந்தீங்களே’ என்று பதில் போட்டேன். ஆனால் அந்த வரி மனதை விட்டுப் போகவில்லை. பனி விழுந்திருந்தால் நான் சொன்னது சரி, விழாததால் தேவையில்லாத செலவு என்று ஆகிவிடுமா? அடுத்த முறை இதே நிலைமை வந்தால் என்ன சொல்வேன் என்று யோசித்தால், அதையேதான் சொல்வேன். ஏன் என்பதை நிதானமாக எழுதிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். குளிர்காலத்தில் ஜெனீவாவிலிருந்து மலைக்குப் போக வழி கேட்டு எனக்கு எழுதுகிறவர்கள் நிறைய. எல்லோரும் ஏறும் நாளைப் பற்றித்தான் கேட்கிறார்கள். இறங்கும் நாளைப் பற்றி யாருமே கேட்பதில்லை.

ஜெனீவா விமான நிலையத்திலிருந்து வால் தோரான்ஸுக்கு ஏறத்தாழ 160 கிலோமீட்டர். கைப்பேசியில் பார்த்தால் இரண்டரை மணி நேரம் என்று காட்டும். புதன்கிழமை காலையில், வெயில் அடிக்கும்போது போனால் அது சரிதான். முதல் பகுதி சுலபம். பார்தொனெ எல்லையைத் தாண்டி பிரான்ஸுக்குள் நுழைந்தால், 2008-இல் திறந்த ஏ-41 நெடுஞ்சாலை ஆன்சி வரை நேராகக் கொண்டுபோய் விடும். ஆன்சியில்தான் முதல் முடிவு எடுக்க வேண்டும். ஏரிக்கரையை ஒட்டி உஜீன் வழியாக ஆல்பெர்வில் போவது தூரம் குறைவு, பார்க்கவும் அழகு. சாம்பெரி பக்கம் சுற்றிக்கொண்டு நெடுஞ்சாலையிலேயே போவது தூரம் அதிகம். இந்த வழியில் வேன் ஓட்டுகிறவர்கள் இதைப் பற்றி ஓயாமல் விவாதிப்பார்கள். என் கட்சி நெடுஞ்சாலை. ஏரிக்கரைச் சாலை ஒருமுறை அடைத்துக்கொண்டால் இடதுபுறம் தண்ணீர், வலதுபுறம் மலை, வெளியேற வழியே கிடையாது. வண்டியில் சின்னப் பிள்ளைகளும் பெரியவர்களும் இருக்கும்போது, அவசரத்துக்கு ஒதுங்க இடம் இருக்கும் சாலைதான் எனக்கு வேண்டும், அரை மணி நேரம் கூடினாலும் பரவாயில்லை.

எந்த வழியில் போனாலும் ஆல்பெர்வில்லில் வந்து சேர்ந்துதான் ஆக வேண்டும். அங்கிருந்து, மலை ஏற்றம் தொடங்கும் மூத்தியே வரை என்-90 சாலை ஒன்றுதான். 1992 குளிர்கால ஒலிம்பிக்குக்காக அதை அகலப்படுத்தினார்கள். ஆனாலும் ஒரு பெரிய பள்ளத்தாக்கின் அத்தனை பனிச்சறுக்கு ஊர்களுக்கும், வால் தோரான்ஸ், கூர்ஷவெல், மெரிபெல், தீன், வால் தீசேர் எல்லாவற்றுக்கும், போகிற வண்டிகள் அந்த ஒரு வாசல் வழியாகத்தான் நுழைய வேண்டும். 2025 பிப்ரவரி 1-ஆம் தேதி ஆல்பெர்வில்லுக்கும் மூத்தியேவுக்கும் நடுவே இந்தச் சாலையில் பாறைகள் சரிந்து விழுந்து போக்குவரத்து அடைபட்டபோது, விடுமுறைக்கு வந்தவர்கள் பலர் அந்த இரவைத் தற்காலிக முகாம்களில்தான் கழித்தார்கள். அதுவும் ஒரு சனிக்கிழமை.

சனிக்கிழமையின் கதை

பிரெஞ்சு மலை ஊர்களில் வீடுகளையும் அறைகளையும் பெரும்பாலும் சனிக்கிழமை முதல் சனிக்கிழமை வரை என்றுதான் வாடகைக்கு விடுகிறார்கள். காலை பத்து மணிவாக்கில் பழையவர்கள் காலி செய்ய வேண்டும், மாலை நான்கு, ஐந்து மணிக்குப் புதியவர்களுக்குச் சாவி. அதனால் ஒரே நாளில், ஏறத்தாழ ஒரே நேரத்தில், மேலே இருப்பவர்கள் அத்தனை பேரும் இறங்க, கீழே இருப்பவர்கள் அத்தனை பேரும் ஏறுகிறார்கள். பிப்ரவரியில் பிரெஞ்சுப் பள்ளிகளின் விடுமுறையை ஏ, பி, சி என்று மூன்று மண்டலங்களாகப் பிரித்துத் தள்ளித் தள்ளி விடுவதே இந்தக் கூட்டத்தைக் கொஞ்சம் பரப்பிப் போடத்தான். அந்த வாரங்களில் ஒன்றோடு பிரிட்டனின் அரைப்பருவ விடுமுறையும் சேர்ந்துகொள்ளும். அண்ணனின் பிள்ளைகளுக்கு லீவு கிடைப்பது அப்போதுதான், வேறு வாரம் இல்லை.

பிரான்ஸில் நெரிசலை முன்கூட்டிச் சொல்ல பிசோன் ஃபியூத்தே என்று அரசாங்கச் சேவை ஒன்று 1976 முதல் இருக்கிறது. பச்சை, ஆரஞ்சு, சிவப்பு, கறுப்பு என்று ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நிறம் கொடுப்பார்கள். ஏறுவதற்கு ஒரு நிறம், இறங்குவதற்கு ஒரு நிறம் என்று தனித்தனியாகப் போடுவது அதில் எனக்குப் பிடித்த விஷயம். விமான டிக்கெட் எடுப்பதற்கு முன்பே அந்த நாட்காட்டியைப் பார்த்துவிட வேண்டும் என்பது என் பழக்கம். அண்ணனுக்கு அதை அனுப்பும் நேரத்தில் அவர் டிக்கெட் எடுத்து முடித்திருந்தார். போகும்போது சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு ஜெனீவாவில் இறங்குவது, வரும்போது அடுத்த சனிக்கிழமை மதியம் ஒரு மணிக்கு ஏறுவது. திங்கட்கிழமை லண்டனிலிருந்து பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும் ஊருக்கு விமானம்.

அண்ணன் முதலில் கார் வாடகைக்கு எடுத்துத் தானே ஓட்டுவதாகத்தான் இருந்தார். ஜெனீவா விமான நிலையம் எல்லையிலேயே இருப்பதால் சுவிஸ் பக்கம் ஒன்று, பிரெஞ்சுப் பக்கம் ஒன்று என்று இரண்டு பக்கத்திலும் வாடகைக் கார் கிடைக்கும். பிரெஞ்சுப் பக்கம் வாடகை பெரும்பாலும் மலிவு, ஆனால் குளிர்கால டயர் உண்டா என்று கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும். நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை, இந்த ஊர்கள் இருக்கும் சவ்வா மாவட்டத்தின் மலைப்பகுதிகளில் அது சட்டம்: நான்கு சக்கரத்திலும் மலையும் பனித்துகளும் பொறித்த குறி உள்ள டயர், இல்லாவிட்டால் இரண்டு ஓட்டும் சக்கரங்களுக்காவது பனிச்சங்கிலி. வால் தோரான்ஸில் சாமான்களை இறக்கியதும் காரை முன்பதிவு செய்த நிறுத்தகத்தில் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும், வாரம் முழுக்க அது அங்கேயே நிற்கும், அதற்கும் கட்டணம். இதையெல்லாம்விட, லண்டனில் இடதுபக்கம் ஓட்டிப் பழகியவர் முதல்முறையாக வலதுபக்கம், அதுவும் இருட்டில், பனியில், கொண்டைஊசி வளைவுகளில் ஓட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அண்ணி என் பக்கம் நின்றார். எட்டுப் பேர் உட்காரும் வேன் ஒன்றை ஓட்டுநரோடு ஏற்பாடு செய்தோம். ஏறும்போது நானும் கூடப் போவது என்று முடிவானது.

தயாரிப்பில் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. பெரியப்பாவுக்கு இன்சுலின். வெயிலில் வைக்கக் கூடாது என்று நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். உறைந்துபோனாலும் அது பயனற்றுப் போய்விடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. பெட்டியில் வைத்து வேனின் பின்பக்கம் போட்டுவிட்டால், பனியில் வண்டி மணிக்கணக்கில் நின்றுவிடும் நாளில் அதற்கு உத்தரவாதம் இல்லை. அதனால் மருந்து அவருடைய சட்டையின் உள்பையில் இருந்தது. கூடவே அவருக்கு நேரத்துக்குச் சாப்பாடு வேண்டும். பெரியம்மா முதல் நாளே சொல்லியனுப்பியபடி என் வீட்டிலிருந்து இட்லியும் தக்காளித் தொக்கும் கட்டிக்கொண்டு போயிருந்தேன். கம்பளியும் குல்லாவும் பெட்டிக்குள் போகாமல் கைக்கெட்டும் இடத்தில். பிள்ளைகளுக்கு இருக்கை. பிரான்ஸில் பத்து வயது வரைதான் அது கட்டாயம், சுவிட்சர்லாந்தில் பன்னிரண்டு வயது அல்லது 150 சென்டிமீட்டர் உயரம் வரை. வண்டி சுவிட்சர்லாந்தில் கிளம்புவதால் அந்தக் கணக்கில்தான் கேட்டு வாங்க வேண்டும்.

மூத்தியேவுக்கு முன்னால்

ஆல்பெர்வில் தாண்டியதும் நின்றுவிட்டோம். நிற்பது என்றால், இரண்டு வண்டி நீளம் நகர்வது, பிறகு எஞ்சின் அணைத்துக் காத்திருப்பது. நீளமான நெரிசல் சுரங்கத்துக்குள் தேங்கிவிடக் கூடாது என்பதற்காக, வண்டிகளை வெளியிலேயே விளக்கு போட்டு நிறுத்தி, கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். பெரியப்பா சாப்பிட்டு முடித்திருந்தார். நான் முன்னால் ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் கண் அடிக்கடி வண்டியின் வெப்பநிலை காட்டும் எண்ணுக்குப் போய்க்கொண்டிருந்தது. அப்போது 5 டிகிரி. மேலே எப்படி இருக்கும் என்று கேட்டேன். இங்கே மழை என்றால், பாதி ஏற்றத்தில் இருக்கும் சேன் மார்த்தான் ஊருக்கு மேலே பனிதான் என்றார். கணக்கும் அதுதான். சராசரியாக ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறரை டிகிரி குறையும். மூத்தியே 480 மீட்டரில் இருக்கிறது, வால் தோரான்ஸ் 2,300 மீட்டரில். கீழே 5 டிகிரி என்றால் மேலே மைனஸ் 7 பக்கம் வரும்.

அவருக்குப் பயம் அந்த மைனஸ் 7 மேல் இல்லை. உலர்ந்த குளிரில் பனி மொறுமொறுவென்று இருக்கும், டயர் பிடிக்கும். பூஜ்யத்தை ஒட்டி இருக்கும் இடம்தான் பொல்லாதது என்றார். பனிக்கட்டியின் மேல் மெல்லிய ஈரப்படலம் இருக்கும்போதுதான் வழுக்கல் மிக அதிகம். மதிய வெயிலில் உருகிய பனி சாலையில் ஓடி, பொழுது சாய்ந்ததும் கண்ணாடித் தகடு மாதிரி உறையும். அது எந்த வளைவில் இருக்கும் என்பது இந்தச் சாலையில் தினமும் போகிறவருக்குத்தான் தெரியும். பாலங்கள் முதலில் உறையும், அடியிலும் காற்று போவதால். இதை நான் பெரியப்பாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். பெரியப்பா பணியில் இருந்த காலத்தில் மேட்டுப்பாளையம் – உதகை தடத்தில் பேருந்து ஓட்டியவர். அவர் முன்னால் சாய்ந்து கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பேச்சு எப்படியோ அடுத்த சனிக்கிழமைக்கு வந்தது. அண்ணன் குடும்பத்தை இறக்கிக் கூட்டிவரப் போவதும் இதே ஓட்டுநர்தான். காலை எட்டு மணிக்கு மேலே வரச் சொல்லி அண்ணன் பதிவு செய்திருந்தார். ஒரு மணி விமானத்துக்குப் பதினோரு மணிக்கு விமான நிலையத்தில் இருந்தால் போதும், வழிக்கு இரண்டரை மணி நேரம், கூட அரை மணி நேரம் என்பது அண்ணன் கணக்கு. ஓட்டுநர் எதிர்ப்பக்கம் பார்த்தார். இறங்குகிற பக்கமும் அப்போது நகராமல்தான் நின்றது, விடுமுறை முடிந்து போகிறவர்கள். பிறகு அவர் என்னிடம் சொன்னது ஏறத்தாழ இது: “நீங்கள் எட்டு மணிக்கு வரச் சொன்னால் எட்டு மணிக்கு வருவேன். ஆனால் பனி பெய்து, வழியில் ஒரு இடத்தில் ‘இனிமேல் போக வேண்டாம், நிற்கலாம்’ என்று நான் சொல்ல வேண்டி வந்தால், உங்கள் விமானத்துக்கு யார் பதில் சொல்வது? நானா?”

அவர் குரலில் சலிப்பு எதுவும் இல்லை. நிஜமாகவே கேட்டார். எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. அதுவரை நான் இந்தப் பயணத்தைத் தூரம், நேரம், டயர், சாப்பாடு என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறும்போது தாமதமானால் நமக்கு என்ன நஷ்டம்? ஒரு இரவுச் சாப்பாடு தள்ளிப்போகும், அதிகம் போனால் கீழே ஆல்பெர்வில்லில் ஒரு அறை எடுத்துத் தங்குவோம். மேலே போய்ச் சேருவதற்குக் கெடு எதுவும் இல்லை. இறங்கும்போது அப்படி இல்லை. கீழே ஒரு விமானம் குறித்த நேரத்தில் காத்திருக்கிறது, அதற்குப் பின்னால் திங்கட்கிழமை இன்னொரு விமானம். அரைப்பருவ விடுமுறை முடியும் சனிக்கிழமையில் ஒரு விமானத்தைத் தவறவிட்டால் அடுத்ததில் ஆறு இடம் கிடைப்பது சுலபமல்ல. அந்த அவசரம் முழுவதும் வண்டிக்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளும். யாரும் ஓட்டுநரைப் பார்த்து ‘வேகமாகப் போங்கள்’ என்று சொல்ல வேண்டியதில்லை. பின்னால் ஆறு பேர் மாறி மாறிக் கைக்கடிகாரம் பார்ப்பதே போதும்.

அண்ணனிடம் சொன்னேன். அவர் உடனே, “அப்ப அஞ்சு மணிக்கே கிளம்பிடலாமே” என்றார். நெரிசலைப் பொறுத்தவரை அது நல்ல யோசனை. ஆனால் ஐந்து மணிக்கு மேலே நிற்க வேண்டுமானால் ஓட்டுநர் நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்கே ஜெனீவாவிலிருந்து காலி வண்டியோடு கிளம்ப வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை அவருக்கு வேறொரு சவாரி இருந்தது. எப்போது தூங்குவார்? ஐரோப்பாவில் பேருந்து ஓட்டுநர்களுக்கு நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு, நாளுக்குப் பொதுவாக ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது என்று விதி இருக்கிறது. அந்த விதி, ஓட்டுநரையும் சேர்த்து ஒன்பது பேருக்கு மேல் ஏறும் வண்டிகளுக்குத்தான். எட்டுப் பயணிகள் வேன் சரியாக அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கிறது. பேருந்துக்கான அந்த விதி இதற்குப் பொருந்தாது. நம்முடைய நெரிசலை அவருடைய தூக்கத்திலிருந்து எடுத்துத் தீர்த்துக்கொள்வது எனக்கு ஒப்பவில்லை. இரவு முழுக்கப் பனி பெய்திருந்தால், அந்த நேரத்தில் பனி அள்ளும் வண்டிகள் எல்லா வளைவையும் முடித்திருக்காது என்பது வேறு.

அப்போதுதான் வெள்ளிக்கிழமை என்ற யோசனை வந்தது. மதியம் ஒரு மணிக்குக் கிளம்பினால் வெளிச்சத்திலேயே மலையை இறங்கிவிடலாம், அறைகளில் ஆட்கள் மாறும் நாளின் கூட்டம் இருக்காது, ஓட்டுநர் இரவு தூங்கி எழுந்து வருவார். ஒருவேளை சாலையை மூடினால்கூட விமானத்துக்கு ஒரு முழு நாள் கையில் இருக்கும். அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. “ஏழு நாள் வாடகை கட்டியிருக்கோம். பிள்ளைங்களுக்கு வெள்ளிக்கிழமை ஸ்கீ கிளாஸ் கடைசி நாள். பனி வராதுன்னா என்ன பண்றது?” நியாயமான கேள்விதான். அதற்குத் திட்டமான பதில் என்னிடம் இல்லை. பெரியப்பாதான் பேச்சை முடித்தார். “வண்டி ஓட்டறவர் அவருங்க கண்ணு. நிக்கலாம்னு அவர் சொன்னா நிக்கற மாதிரி நம்ம வெச்சிருக்கோணும். ஏறும்போது வண்டி நின்னா நின்னுக்கும். எறங்கும்போது அவசரப்பட்டாத்தான் வம்பு.”

இறங்குவது

அதன் பிறகு அந்த நெரிசலில் நடந்த உரையாடலை நான் மறக்க மாட்டேன். பெரியப்பா தமிழில் கேட்க, நான் பிரெஞ்சில் சொல்ல, ஓட்டுநர் பதில் சொல்ல, நான் திரும்பத் தமிழில் சொல்ல, அரை மணி நேரம் போனது தெரியவில்லை. இறங்கும்போது எந்த கியரில் இறங்குகிறார், பிரேக்கை எப்போது தொடுகிறார், சங்கிலி போட்டால் என்ன வேகம், இதுதான் பேச்சு. சங்கிலி போட்ட வண்டி மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது. ஏறும்போது வழுக்கினால் ஏற்றமே வேகத்தைக் குறைத்துவிடும், இறங்கும்போது வண்டியின் பாரமே அதைத் தள்ளும், பனியில் பிரேக்கை அழுத்தினால் சக்கரம் நின்றாலும் வண்டி நிற்காது. அதனால் வளைவுக்கு வெகு முன்பே கியரைக் குறைத்து எஞ்சினாலேயே பிடிக்க வேண்டும். “நம்ம பர்லியாறு எறக்கமும் இதே கதைதான், பனிக்குப் பதிலா மழை” என்றார் பெரியப்பா. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். பெரியப்பா கடைசியாக ஒன்று கேட்டார்: “பாதியில வண்டியத் திருப்பிட்டா இவருக்குப் பேட்டா உண்டான்னு கேளு.”

கேட்டேன். ஓட்டுநர் உடனே பதில் சொல்லவில்லை. தனக்குச் சவாரிக் கணக்கில்தான் சம்பளம் என்றார் பிறகு. போய்ச் சேர்த்தால் முழுப் பணம். சாலையை அரசாங்கமே மூடினால் நிறுவனம் ஏதாவது தரும். சாலை திறந்திருந்து, தானாக வேண்டாம் என்று முடிவெடுத்துத் திரும்பினால் வாடிக்கையாளர் பணத்தைத் திருப்பிக் கேட்பார், நிறுவனம் இவரைக் கேட்கும். மணிக்கணக்கில் நெரிசலில் நிற்பதற்கு எதுவும் இல்லை.

இதைக் கேட்டதிலிருந்து, ‘பாதுகாப்பான ஓட்டுநர்’, ‘அனுபவமுள்ள ஓட்டுநர்’ என்று விளம்பரங்களில் பார்க்கும்போது எனக்கு வேறு மாதிரி தோன்றுகிறது. அனுபவம் இருந்து என்ன, அந்த அனுபவம் ‘வேண்டாம்’ என்று சொல்லும்போது அதைச் சொல்ல அவரால் முடிய வேண்டுமே. அவர் வாயை நாம் மூன்று விதத்தில் அடைக்கிறோம். இறுக்கமான விமான நேரம் ஒன்று, பாதியில் நின்றால் பணம் இல்லை என்ற ஏற்பாடு இன்னொன்று, காலி செய்கிற நாள் சனிக்கிழமைதான் என்று எல்லோரும் சேர்ந்து வைத்திருக்கும் வழக்கம் மூன்றாவது. கடைசியை நம்மால் மாற்ற முடியாது. முதல் இரண்டும் நம் கையில்தான் இருக்கிறது.

2014 டிசம்பர் 27-ஐப் பற்றி இங்கே இருக்கிறவர்கள் இன்னமும் பேசுவார்கள். அதுவும் சனிக்கிழமை, கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு மாறும் நாள். அந்த ஆண்டு பனி தாமதமாக வந்தது, வந்தபோது அந்த நாளைப் பார்த்து வந்தது. சவ்வா மாவட்டத்தில் 15,000 வண்டிகள் வரை சிக்கிக்கொண்டன. ஊர் மண்டபங்களையும் விளையாட்டுக் கூடங்களையும் திறந்து மக்களைத் தங்கவைத்தார்கள். பக்கத்து மலைத்தொடரில் ஒரு இளைஞரின் கார் பள்ளத்தில் விழுந்து அவர் இறந்துபோனார். அன்று சாலையில் இருந்தவர்களில் பெரும்பாலோர் முட்டாள்கள் இல்லை. அறையைக் காலி செய்தாக வேண்டும், புது அறைக்கு நேரத்தில் போயாக வேண்டும், அதனால் கிளம்பினார்கள். வானிலை எச்சரிக்கை முன்கூட்டியே வந்திருந்தது. எச்சரிக்கையைக் கேட்டு நடக்க அவர்கள் பயணத்தில் இடம் இல்லை.

அண்ணனின் கேள்விக்கு நான் இப்படித்தான் பதில் யோசிக்கிறேன். வெள்ளிக்கிழமை இறங்கியது சனிக்கிழமை பனி வரும் என்று நான் ஜோசியம் பார்த்துச் சொன்னதால் இல்லை. ஒரு வாரம் முன்னால் யாராலும் அதைச் சொல்ல முடியாது. மலை வானிலையை இரண்டு மூன்று நாள் முன்னால் நம்பலாம், அதற்குள் விமானம், அறை, வண்டி எல்லாம் பதிவாகி முடிந்திருக்கும். அந்த ஒரு இரவு வாடகையைக் கொடுத்து நாங்கள் வாங்கியது, வண்டி ஓட்டுகிறவர் எந்த வளைவிலும் நிற்கலாம் என்ற சுதந்திரம். அவர் அதைப் பயன்படுத்த வேண்டி வரவில்லை. வெள்ளிக்கிழமை அவர் இறக்கத்தில் லெ மெனுயிர் என்ற ஊருக்கு அருகே ஒருமுறை ஓரம் கட்டி, வண்டியை விட்டு இறங்கிச் சாலையைக் காலால் தேய்த்துப் பார்த்துவிட்டு வந்தார் என்று பெரியம்மா சொன்னார். ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். யாரும் கைக்கடிகாரம் பார்க்கவில்லை என்றும் சொன்னார். பிள்ளைகள் இறங்கிப் பனி உருண்டை பிடித்து விளையாடினார்களாம்.

நஷ்டம் இல்லை என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகளின் கடைசி வகுப்பு போனது போனதுதான், சின்னவள் அதற்காக அழுதாள். வசதி குறைந்த குடும்பத்துக்கு ஒரு இரவு வாடகை லேசான விஷயமும் இல்லை. அப்படிப்பட்டவர்களிடம் ஞாயிறு முதல் ஞாயிறு வாடகைக்கு விடும் இடங்களைத் தேடுங்கள், ரயிலில் மூத்தியே வரை வந்து அங்கிருந்து பேருந்து பிடியுங்கள் என்றுதான் சொல்வேன். ரயிலில் வந்தால் நெரிசலின் மோசமான பகுதி கழிந்துவிடும், மிஞ்சுவது கடைசி முப்பத்தைந்து கிலோமீட்டர் ஏற்றம் மட்டும். அதுவும் முடியாவிட்டால் திரும்பும் விமானத்தையாவது இரவு விமானமாக எடுங்கள். நான் இதில் கறாராக இருப்பது வேலை செய்கிறவர்களுக்காகவும்தான். மூடும் நேரத்தை ஒட்டி ஓட்டலுக்குள் நுழையக்கூட, அங்கே வேலை செய்கிறவர்களை நினைத்து நாம் கொஞ்சம் யோசிக்கிறோம், இங்கே பிரச்சினை அதைவிடப் பெரியது.

இந்த வருடமும் போவதாக அண்ணன் சொல்லியிருக்கிறார். இம்முறை விமானம் ஞாயிறு மாலை, இறங்குவது சனி, நடுவில் ஆன்சியில் ஓர் இரவு. அவரே பார்த்து வைத்திருக்கிறார். வேன் ஏற்பாடு என் பொறுப்பு. பதிவு செய்யும்போது நிறுவனத்துக்கு ஒரு நிபந்தனை எழுதினேன். ஓட்டுநர் தன் முடிவில் ஆல்பெர்வில்லிலோ மூத்தியேவிலோ நின்றாலும் திரும்பினாலும் முழு வாடகையும் தருகிறோம், நெரிசலில் நிற்கும் நேரத்துக்குக் கூடுதலும் தருகிறோம், அதற்காக அவரிடம் விளக்கம் கேட்கக் கூடாது. இப்படியெல்லாம் தங்கள் படிவத்தில் இடம் இல்லை என்று முதலில் கேட்ட இடத்தில் சொல்லிவிட்டார்கள். இன்னொரு சிறிய நிறுவனம் மின்னஞ்சலில் ஒப்புக்கொண்டது, வாடகையும் கொஞ்சம் கூட. எவ்வளவு கூட என்று அண்ணன் கேட்டார், சொன்னேன், “சரி, போட்டுடு” என்றார். பெரியப்பா இந்தக் குளிருக்கு வரவில்லை, முழங்கால் வலி. போனில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அந்தக் கூடுதல் பணம் ஓட்டுநர் கைக்குப் போகுமா, கம்பெனி எடுத்துக்கொள்ளுமா என்று கேட்டார். அதையும் எழுதிக் கேட்டிருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை.